புதுப்பிப்பு: அம்மாவுக்குப் பகல்நேர மையம்

மறதிநோய் உள்ள அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் எனக்குச் சற்று ஓய்வு கிடைக்க வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். உங்களில் பலர் சொன்னபடி பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் சேர்த்துவிட்டேன்.

சேர்க்கும் முன் வீட்டுக்கே வந்து, அம்மா துணையின்றி நடக்கிறாரா, கழிப்பறைக்கு ஆள் வேண்டுமா, எந்த மாத்திரை எந்த நேரத்தில் என்றெல்லாம் விசாரித்தார்கள். என் தூக்கத்தைப் பற்றியும் கேட்டார்கள். அதுவரை யாருமே கேட்டதில்லை!

புது இடம் இந்நோயாளிகளைக் குழப்பும் என்பதால் முதலில் அரை நாள் மட்டும் விட்டோம். மாலை நேரப் பதற்றம் இந்நோயில் வழக்கம்தான், அது குறையவில்லை. ஆனால் பகலில் பேச்சும் பாட்டுமாக விழித்திருப்பதால் இரவில் கொஞ்சம் கூடுதலாக உறங்குகிறார்.

பராமரிப்பாளர்களுக்கான கூட்டம் ஒன்றும் அங்கே நடக்கிறது. தொலைபேசியில் அறிவுரை மட்டும் வழங்கும் அண்ணனை அதற்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.