கலைச்சொல்: ஜுகே லியாங்கின் பொறிகளைத் தமிழில் எப்படி அழைப்பது?

அனைவருக்கும் வணக்கம்.

ஜுகே லியாங் பெயரில் வழங்கும் பொறிகளுக்குத் தமிழ்ச் சொல் கேட்டு இழையைத் தொடங்கிய அம்மாவுக்கு முதலில் நன்றி. வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். ‘குறுக்கு வில்’, ‘ஜுகே வில்’, ‘மரக்காளை’, ‘பாயும் குதிரை’, ‘கோங்மிங் விளக்கு’ என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டதுபோல் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இந்த ஐந்திலும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் ஆளைப் பற்றி. ஜுகே என்பது குடும்பப் பெயர், லியாங் இயற்பெயர். கோங்மிங் என்பது வயதுக்கு வந்தபின் சூட்டிக்கொள்ளும் மதிப்புப் பெயர். கி.பி. 181இல் பிறந்து 234இல் போர்முகாமிலேயே இறந்தவர். சீனா மூன்று அரசுகளாகப் பிரிந்திருந்த காலத்தில் ஷூ அரசின் தலைமை அமைச்சர். நம் இழையில் எல்லோரும் ‘போர்த்தந்திரி’ என்றே எழுதுகிறோம். ஆனால் அவர் இறப்பதற்கு ஓராண்டு முன் அதே ஷூ நாட்டில் பிறந்த வரலாற்றாசிரியர் சென் ஷோவ், படையை ஒழுங்காக நடத்துவதில் அவர் வல்லவர், எதிர்பாராத சூழ்ச்சிகளில் அவ்வளவு இல்லை, மக்களை ஆளும் திறமை போர்த்திறமையைவிட மேலானது என்றுதான் எடை போடுகிறார். மந்திரக்காரர் போன்ற கோங்மிங், பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த லுவோ குவான்ஜோங்கின் பெயரில் வழங்கும் ‘மூன்று அரசுகளின் கதை’ நாவலால் நமக்கு வந்தவர்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அதே சென் ஷோவ்தான் இவருடைய பொறிகளையும் ஒரே வரியில் குறிப்பிடுகிறார்: நுட்பமாகச் சிந்திப்பதில் இயல்பாகவே கெட்டிக்காரர், தொடர் வில்லைக் குறைத்தும் கூட்டியும் அமைத்தது, மர மாடு, ஓடும் குதிரை எல்லாம் அவர் எண்ணத்தில் உதித்தவை. ‘குறைத்தும் கூட்டியும்’ என்ற இடத்தைக் கவனியுங்கள். ஏற்கெனவே இருந்த ஒன்றில் எதையோ எடுத்து எதையோ சேர்த்தார் என்று பொருள். ‘கூட்டிக் குறைத்து’ என்று நாமும் பேச்சில் சொல்கிறோமே, அதே தொடர்தான். ஆகவே வில்லைப் பொறுத்தவரை ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவது பிழை. ‘திருத்தியமைத்தார்’ என்பதே சரி. ஹூபெய் மாகாணத்தில் சின்ஜியாஸுய் என்ற இடத்தில் கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சூ நாட்டுக் கல்லறை ஒன்றிலிருந்து, அம்புக்கூடு பொருத்திய தொடர் வில் ஒன்று கிடைத்திருக்கிறது. ஜுகே லியாங் பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது அது. அதனால்தான் ‘ஜுகே வில்’ என்ற பரிந்துரையை நான் மறுக்கிறேன். பின்னாளில் சீனர்களே அப்படி அழைத்தார்கள் என்பது உண்மை. அது வழக்குப் பெயர். கட்டுரையில் ஒரு தகவலாக வரட்டும். கலைச்சொல்லுக்குள் ஆளின் பெயரை வைத்தால், யார் கண்டுபிடித்தது என்ற வழக்கில் சொல்லே தீர்ப்பு எழுதிவிடும்.

இப்போது ‘குறுக்கு வில்’. இது ‘crossbow’ என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல். கட்டையின் குறுக்கே வில் இருப்பதால் அப்படிப் பெயர் என்று விளக்கினாலும், இந்தக் கருவியின் உயிர் குறுக்கில் இல்லை. இழுத்த நாணைக் கொக்கி பிடித்துக்கொள்கிறது. எய்பவர் நிதானமாகக் குறிபார்த்து, விரலால் ஒரு நெம்பை அழுத்தி விடுவிக்கிறார். வெண்கலத்தில் வார்த்த அந்தச் சிறு அமைப்புதான் இதைச் சாதாரண வில்லிலிருந்து பிரிக்கிறது. சின் பேரரசரின் சுடுமண் படை நின்ற குழிகளிலும் இத்தகைய வெண்கல அமைப்புகள் கிடைத்திருக்கின்றன. சீனத்தில் இதற்கு ‘நூ’ என்று ஓரசைத் தனிச்சொல்லே இருக்கிறது. அதில் குறுக்கும் இல்லை, நெடுக்கும் இல்லை.

பழந்தமிழில் தேடியவர்கள் சிலப்பதிகாரத்தின் ‘வளைவிற்பொறி’யைக் கொண்டுவந்தீர்கள். படித்ததும் எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மதுரைக் கோட்டை மதிலின் காவற்பொறிகளைப் பட்டியலிடும் இடத்தில், ‘மிளையும் கிடங்கும் வளைவிற் பொறியும்’ என்று வருகிறது. ஆனால் உரைகாரர் என்ன சொல்கிறார்? வளைந்து தானே எய்யும் எந்திர வில் என்கிறார். ‘தானே எய்யும்’ என்பதுதான் இடிக்கிறது. மதிலில் பொருத்தி வைத்த தானியங்கிப் பொறியின் பெயரை எடுத்து, ஒரு படைவீரன் கையில் ஏந்தி விரலால் இயக்கும் கருவிக்கு வைத்தால் இரண்டுக்கும் அநியாயம். நாளை யாராவது மதிற்பொறிகளைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் அங்கே தேவைப்படும். பழைய சொல் கிடைத்துவிட்டது என்ற உற்சாகத்தில் அதை வேறு பொருளுக்குக் கடத்திவிடக் கூடாது.

என் பரிந்துரை ‘விசைவில்’. துப்பாக்கியின் விசையை அழுத்தினான் என்று எல்லோரும் எழுதுகிறோம், படிக்கிறோம். விசை உள்ள வில், விசைவில். விளக்கமே வேண்டாம். அந்த வெண்கல அமைப்பை ‘வில்விசை’ என்று கூட்டாமல் வெறுமனே ‘விசை’ என்றாலே போதும்.

அப்புறம் அந்தத் தொடர் வில். இங்கேதான் இழையில் ஒரு குழப்பம் புகுந்திருக்கிறது, அதை அவிழ்க்காமல் சொல் செய்ய முடியாது. கி.பி. 429இல் பெய் சோங்ஜி என்பவர் சென் ஷோவின் வரலாற்றுக்கு உரைக்குறிப்புகள் எழுதி முடித்தார். அதில் அவர் எடுத்துக்காட்டும் பழைய குறிப்பு ஒன்று, ஜுகே லியாங் திருத்தியமைத்த வில்லின் பெயர் ‘யுவான்ரோங்’ என்றும், அதன் அம்பு இரும்பாலானது, நீளம் 8 ட்சுன் என்றும் சொல்கிறது. நம் அளவில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. முக்கியமானது அடுத்த தொடர்: ‘ஒரு வில், பத்து அம்பு, ஒருசேரப் பாயும்.’ ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒருசேர.

ஆனால் இன்று படங்களில் நாம் பார்ப்பது வேறு. மேலே ஒரு பெட்டி. அதில் பத்து அம்பு. கைப்பிடியை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் நாண் ஏறி, ஓர் அம்பு கீழே விழுந்து, தானே பாய்ந்துவிடும். மறுபடி தள்ளி இழுத்தால் அடுத்தது. 1637இல் சோங் யிங்சிங் எழுதிய தொழில்நூல் இதை ‘ஜுகே வில்’ என்ற பெயரிலேயே துல்லியமாக விவரிக்கிறது. விவரித்துவிட்டு, பொறி நுட்பமானதுதான், ஆனால் வலு குறைவு, இருபது சொச்சம் தப்படி தூரம்தான் போகும், இது வீட்டில் திருடனைத் தடுக்க உதவும் கருவி, நாட்டின் படைக்கலம் அல்ல என்கிறது. நேர்மையான மதிப்பீடு. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ஆக, பெயர் ஒன்று, பொருள் இரண்டு. ஒருசேரப் பத்து அம்பை வீசிய மூன்றாம் நூற்றாண்டுப் பொறி ஒன்று. ஒவ்வொன்றாக விடும் மிங் காலத்துப் பொறி இன்னொன்று. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிடுகிறார்கள், அதையே நாமும் மொழிபெயர்த்தால் குழப்பத்தையும் சேர்த்தே மொழிபெயர்க்கிறோம். பின்னதற்குத் ‘தொடர் விசைவில்’ என்ற பெயர் இயல்பாகப் பொருந்துகிறது. முன்னதற்குக் ‘கொத்துக்கணை விசைவில்’ என்று வைக்கலாம். ‘கொத்துக் குண்டு’ நாளிதழ் வாசகர்களுக்குத் தெரிந்த சொல். ஒரே வீச்சில் பல என்ற பொருள் உடனே விளங்கும். ‘பத்துக்கணை வில்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டிலுமே பத்து இருப்பதால் அது பிரித்துக் காட்டாது.

மேலே இருக்கும் அந்தப் பெட்டிக்கு ‘அம்பறாத்தூணி’ என்ற பரிந்துரை. அம்பு அறாத தூணி, அம்பு தீர்ந்துபோகாத கூடு என்று எவ்வளவு அழகான பெயர்! ஆனாலும் அது முதுகில் தொங்குவது, கையால் எடுத்துத் தொடுப்பது. பொறியின் உடலிலேயே பொருந்தி அம்பைத் தானே ஊட்டும் பெட்டிக்கு, இலங்கைத் தமிழில் பழகிப்போன ‘ரவைக்கூடு’ வழிகாட்டுகிறது. ரவைக்கு ரவைக்கூடு, கணைக்குக் ‘கணைக்கூடு’. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் போகிற போக்கில் இதைச் சொல்லிவிட்டுப் போனார்; யாரும் பதில் எழுதவில்லை. அதைத்தான் ஏற்க வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்கிறேன்.

சரி, மாட்டுக்கு வருவோம். எனக்கு இந்த இழையிலேயே பெரிய பொருள் இதுதான்.

படைக்குத் தானியம் சுமக்க அவர் செய்த இரண்டு பொறிகளின் சீனப் பெயர்கள் ‘மூ நியூ’, ‘லியூ மா’. முதலாவதில் ‘நியூ’ என்பதை எருது, காளை என்றெல்லாம் எழுதுகிறோம், ஆங்கிலத்தில் அப்படி இருப்பதால். சீனச் சொல்லில் ஆண் பெண் வேறுபாடே கிடையாது. தமிழில் அதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: மாடு. பசுவும் மாடுதான், எருதும் மாடுதான். ஆகவே ‘மரமாடு’. மரக்காளை என்றால் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறோம்.

231இல் சிஷான் பக்கம் படையெடுத்தபோது மரமாடுகள் தானியம் சுமந்தன. 234இல் ஷியே பள்ளத்தாக்கு வழியாகப் போனபோது இரண்டாவது பொறி வந்தது. ஷூவுக்கும் எதிரி நாட்டுக்கும் இடையில் சின்லிங் மலைத்தொடர். பாறை ஓரங்களில் கட்டை அடித்துப் பலகை பரப்பிய குறுகலான வழிகள். அந்தப் போர்களில் அவரைத் தோற்கடித்தது எதிரியைவிடப் பசிதான் என்று சொல்லலாம். 231இல் தானியம் வராமல்தான் திரும்பினார். தானியத்தை எப்படிக் கொண்டுவருவது என்று இரவும் பகலும் யோசித்த ஒருவரின் பொறி இது. அந்த அவசரம் பெயரில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பெயரைச் சூட்டும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜுகே லியாங்கின் எழுத்துகளிலிருந்து பெய் சோங்ஜி எடுத்துத் தரும் விவரிப்பு இப்படித் தொடங்குகிறது: ‘சதுர வயிறு, வளைந்த தலை, ஒரு கால், நான்கு பாதம். தலை கழுத்துக்குள் நுழையும், நாக்கு வயிற்றோடு ஒட்டியிருக்கும்.’ ஒரு ஆளுக்கு ஓராண்டு வேண்டிய தானியத்தைச் சுமக்கும், கூட்டமாகப் போனால் நாளுக்கு 20 லி நடக்கும் என்கிறது. 20 லி ஏறக்குறைய 8 கிலோமீட்டர். பிறகு உறுப்புகள்: வளைந்தது தலை, சுழல்வது பாதம், மூடியிருப்பது முதுகு, தொங்குவது நாக்கு, செதுக்கியது பல், நிமிர்ந்தது கொம்பு.

ஒரு கால், நான்கு பாதம் என்றால் என்ன? இதுதான் பல நூற்றாண்டுப் புதிர். ஒரு கால் என்பது ஒற்றைச் சக்கரம், நான்கு பாதம் என்பது நிறுத்தும்போது ஊன்றிக்கொள்ளும் முட்டுகள் என்று பலர் கொள்கிறார்கள். சோங் அரசமரபுக் காலத்து (10–13ஆம் நூற்றாண்டு) எழுத்தாளர் காவ் செங், மரமாடு என்பது முன்புறம் ஏர்க்கால் உள்ள சிறுவண்டி, மற்றது தனியாள் தள்ளும் வண்டி என்று எழுதினார். சீன ஒற்றைச் சக்கர வண்டியில் சக்கரம் நடுவில் இருக்கும். பாரம் இரு பக்கமும் ஏறிச் சக்கரத்தின் மேலேயே நிற்கும், தள்ளுபவர் கையில் எடை தெரியாது. குறுகிய மலைவழிக்கு மிகப் பொருத்தம். சுழல்வது பாதம் என்று பட்டியல் சொல்வதால், நான்கும் சக்கரம் என்று வாதிடுபவர்களும் உண்டு.

நம் ஆட்கள் சிலர் இந்த வரியை ‘ஒரு சக்கரம், நான்கு முட்டு’ என்றே மொழிபெயர்க்கலாம் என்றீர்கள். வேண்டாம். ஏனென்றால் தமிழுக்கு இங்கே ஒரு பெரும் வசதி இருக்கிறது. ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற குறளில் கால் என்பது என்ன? தேரின் சக்கரம். வலிய சக்கரங்களை உடைய தேர் என்றுதான் உரை. உடம்பின் காலும் கால், உருளும் காலும் கால். இன்றும் சக்கரத்தின் கம்பை ஆரக்கால் என்கிறோம், வண்டியின் நீண்ட மரத்தை ஏர்க்கால் என்கிறோம். ‘ஒரு கால், நான்கு பாதம்’ என்று அப்படியே தமிழில் எழுதினால், சீன மூலத்தின் புதிர் புதிராகவே இருக்கும், தீர்வும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும். இதை நினைத்து இரண்டு நாள் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

இரண்டாவது பெயரில் ‘லியூ’ என்பது நீர் ஓடுவதைக் குறிக்கும் சொல். ‘பாயும் குதிரை’ என்றால் போர்க்குதிரை நாலுகால் பாய்ச்சலில் வருகிறது. இது பாயாது, மெல்ல வழுக்கிக்கொண்டு போகும். ‘ஒழுகு குதிரை’ என்றார் ஒருவர், பொருள் சரி, ஆனால் இன்றைக்கு ஒழுகுவது குழாயும் கூரையும்தான். ‘உருள்குதிரை’ என்றால் சக்கரம் உண்டென்று நாமே முடிவு கட்டியதாகிவிடும். தமிழில் ஆறும் ஓடும், குதிரையும் ஓடும், வண்டியும் ஓடும். அதனால் ‘ஓடுகுதிரை’. ஓடும் குதிரை என்று விரித்தால் சாதாரணக் குதிரையாகிவிடும். வினைத்தொகையாக இறுக்கினால் அது ஒரு பொருளின் பெயராக நிற்கிறது. சீனத்தில் ‘மா’ என்றால் குதிரை, சங்கத் தமிழிலும் மா என்றால் குதிரை என்று ஒருவர் மகிழ்ந்திருந்தார். ஒலி ஒற்றுமை தற்செயல், அதை வைத்து உறவு பேச வேண்டாம்.

மற்ற இரண்டும் சுருக்கமாக. தாள்கூட்டுக்குள் சுடர் ஏற்றி, சூடான காற்றால் மேலே எழும்பும் விளக்குக்குச் சீனத்திலேயே ‘வான விளக்கு’ என்று பொருள்படும் பெயர் உண்டு. கோங்மிங் முற்றுகையில் சிக்கியபோது உதவி கேட்டு அதைப் பறக்கவிட்டார் என்பது பிற்காலக் கதை. ‘வான்விளக்கு’ போதும். ஆறு கட்டைகளில் காடி வெட்டி ஒன்றோடொன்று கோக்கும் புதிருக்கு ‘கோங்மிங் பூட்டு’ என்று பெயர். அதையே தச்சர்களின் முன்னோடியான லூ பான் பெயரிலும் அழைக்கிறார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு தந்தை! சாவி கிடையாது, கட்டையே கட்டையைப் பூட்டுகிறது. ஏர் பூட்டுவதும் பூட்டுதானே, ‘கட்டைப்பூட்டு’ என்று வைத்துவிடலாம்.

மரமாட்டின் நாக்குக்கு மட்டும் எனக்கு உதவி வேண்டும். நாவலில் அந்த நாக்கைத் திருகிவிட்டால் மாடு நகராது. பறித்துக்கொண்டு போன எதிரிகள் இழுத்துப் பார்த்துத் திண்டாடுவார்கள். மூலத்தில் அது வெறும் ‘தொங்குவது நாக்கு’. தடைக்கட்டை என்று பொருள் கொண்டால் அதற்கு மாட்டுவண்டிக்காரர்களிடம் ஒரு சொல் இருந்தே தீரும். உங்கள் ஊரில் இறக்கத்தில் வண்டியை நிறுத்த எதை எப்படிக் கட்டுவார்கள், அதை என்னவென்று சொல்வார்கள்? வண்டி ஓட்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டு எழுதுங்கள். அதுவரை ‘நாக்கு’ என்றே இருக்கட்டும்.