மிடுக்கும் மிதப்பும்: பனாஷ், ஸ்வாகர் இரண்டுக்கும் ஒரே சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

மேடைக் கலைத் திறனாய்வுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில், ஆங்கிலத்தில் வழங்கும் பனாஷ் (panache), ஸ்வாகர் (swagger) ஆகிய இரண்டுக்கும் நேரே 'பகட்டு' என்றே எழுதியிருக்கிறோம். முன்னதைப் பாராட்டாகவும் பின்னதைப் பெரும்பாலும் குறையாகவும் எழுதுகிற ஒருவருக்கு இந்தப் பட்டியல் பயன்படாது.

பனாஷ் பிரெஞ்சுச் சொல். தலைக்கவசத்தின் உச்சியில் செருகும் இறகுக் குஞ்சத்துக்கு அது பெயர். 1897இல் அரங்கேறிய, பிரெஞ்சு நாடகாசிரியர் எட்மோன் ரொஸ்தானின் 'சிரானோ தெ பெர்ஜெராக்' நாடகத்தில், சாகும் வீரன் கடைசியாக உச்சரிப்பதும் அதுவே. இறகு வாளைத் தடுக்காது. அணிந்தவனைக் கூட்டத்தில் காட்டிக்கொடுக்கவும் செய்யும். அதைத் தெரிந்தே அணிந்து, செய்ய வேண்டியதை அழகோடும் துணிவோடும் செய்வதுதான் பனாஷ். ஸ்வாகர் என்பதோ தோளை ஆட்டி நடக்கிற நடையும், அதற்குத் துணைபோகும் வாய்வீச்சும்.

நான் இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொல்லங்கோட்டுப் பக்கம். இங்கே யானையின் நிமிர்ந்த தோற்றத்துக்கு மலையாளத்தில் 'தலையெடுப்பு' என்று ஒரு சொல் உண்டு. நெம்மாரா வல்லங்கி வேலாத் திருவிழாவில், பங்குனி வெயிலில் கூட்டத்தோடு நின்று பார்த்தால் அதன் பொருள் விளங்கும். சில யானைகள் தாமாகவே தலையை உயர்த்தி, காதை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கும். வேறு சில, பாகன் தாடைக்கடியில் கோலை வைத்தால்தான் தலையைத் தூக்கும்; கோல் விலகியதும் மத்தகம் இறங்கிவிடும். இதில் யானைக்குப் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. எங்கள் யானைக்கு ஈடே கிடையாது என்று கீழே நின்று ஊருக்குக் கேட்கச் சொல்கிறாரே, ஸ்வாகர் அவருடையது.

'தலையெடுப்பு' என்ற அந்தச் சொல்லையே பனாஷுக்கு எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் தலையெடுத்தல் என்றால் தமிழ்நாட்டில் முன்னுக்கு வருதல், செழித்தல் என்றே கொள்வார்கள். 'எடுப்பு' என்று சுருக்கினால், இசையில் பாடல் தாளத்தில் தொடங்கும் இடத்துக்கும், பல்லவிக்கும் அது ஏற்கெனவே வழங்குகிறது. நம் பட்டியலோ இசைக்குப் பக்கத்து வீடு. சென்ற மடலில் பனாஷுக்கு முன்வைக்கப்பட்ட 'பெருமிதம்' நல்ல சொல். ஆனால் தொல்காப்பியம் அதைக் கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை என்ற நான்கிலிருந்து பிறக்கும் மெய்ப்பாடாக, அதாவது ஓர் உணர்வாக, வைக்கிறது. அது உள்ளத்தின் நிறைவு. கையசைவிலும் நடையிலும் வெளிப்படும் பாணியன்று. ஆகவே பனாஷுக்கு 'மிடுக்கு' என்பதே என் பரிந்துரை.

ஸ்வாகருக்கு 'மிதப்பு' பொருந்தும். "ஜெயிச்சிடுவோம்கிற மிதப்புல இருக்கான்" என்று பேச்சில் தினமும் கேட்கிறோம். கால் தரையில் பாவாத நடையும் தன்மேல் கொண்ட அளவுமீறிய நம்பிக்கையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. 'செருக்கு' என்று வைத்தால், அது வெளியே தெரியாமலும் இருக்கலாம். 'சவடால்' என்றாலோ அது வாயோடு நின்றுவிடும். இயற்பியலில் மிதப்பு விசை உண்டே என்று ஒருவர் கேட்கக்கூடும். நாடகத் திறனாய்வைப் படிப்பவர் அதில் தடுமாற மாட்டார். (ஸ்வாகர் என்ற பெயரில் மென்பொருள் கருவி ஒன்றும் இருக்கிறது, அதைத் தயவுசெய்து யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்.)

ராப் பாடகர்களிடத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே தன்னைப் புகழ்வது குறையன்று, கலையின் விதி. நம்மிடமும் அதற்கு இடம் உண்டு: புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளத் தகும் இடங்களாக நன்னூல் நான்கைச் சொல்கிறது, அவையில் வெல்ல வேண்டிய பொழுது அவற்றுள் ஒன்று. போரைப் பாடும் புறத்திணையில், பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கும் கரந்தை வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைப்பதற்கு 'நெடுமொழி' என்று துறைப்பெயரே இருக்கிறது. அத்தகைய மேடைக்கு மிதப்பை விட்டுவிட்டு நெடுமொழியை இரண்டாம் பொருளாகச் சேர்க்கலாமா என்பதைப் புறத்திணை படித்தவர்கள்தாம் சொல்ல வேண்டும்.