வெளிநாடு கிளம்பும் மதுரைத் தம்பி தங்கைகளுக்கு: ஓவனைப் பாத்திர அலமாரி ஆக்காதீர்கள்

லீவில் மதுரை வந்திருக்கிறேன். அக்கா மகன் ஆகஸ்டில் மேல்படிப்புக்கு அமெரிக்கா கிளம்புகிறான். ஆனையூர் வீட்டு ஹால் முழுக்கப் பெட்டி. சாம்பார் பொடி, பருப்புப் பொடி, அஞ்சு லிட்டர் குக்கர், அதற்கு உபரியாக ரெண்டு கேஸ்கட். எல்லாம் எடுத்து வைத்தார்கள், பையனுக்குச் சமைக்கத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "மேகி போடுவேன் மாமா" என்றான்.

சரி, நூடுல்ஸிலேயே ஆரம்பிப்போம் என்று போன ஞாயிற்றுக்கிழமை அவனை அடுப்படியில் நிறுத்தி மாட்டுக்கறி நூடுல்ஸ் கேசரோல் செய்ய வைத்தேன். கேசரோல் என்றால் நம்மூரில் இட்லியைச் சூடாக மூடி வைக்கும் டப்பா. அங்கே அது, அகலமான பாத்திரத்தில் கறி, நூடுல்ஸ், தக்காளி, சீஸ் எல்லாம் ஒன்றாகப் போட்டு ஓவனில் வைத்து எடுக்கும் சாப்பாடு. நான் இருக்கும் மினசோட்டா மாநிலத்தில் இதையே ஹாட்டிஷ் என்பார்கள். சர்ச் விருந்து, பள்ளிக்கூட விழா, துக்க வீடு, எங்கே போனாலும் யாராவது ஒருவர் இதைத் தூக்கிக்கொண்டு வருவார்.

இதை ஏன் முதலில் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன் என்றால், நான் போன புதிதில் பட்ட பாடு அப்படி. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊர். வேலை முடிந்து பனியில் நடந்து வந்து, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, எண்ணெய் காய்ந்ததும் வரமிளகாயைக் கிள்ளிப் போட்டால் உடனே ஸ்மோக் அலாரம் அலறும். ஜன்னலைத் திறந்தால் வெளியே மைனஸ் இருபது. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் அலாரத்துக்கு வீச ஒரு துண்டு என்று குழம்பு வைத்த ராத்திரிகள் எத்தனையோ. ஓவன் சாப்பாட்டில் இந்தத் தொல்லை கிடையாது. உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் அரை மணி நேரம் உங்களைக் கூப்பிடாது. அங்கே குளிர்காலத்தில் சாயங்காலம் ஆறரை என்றால் மதுரையில் காலை ஆறு மணி. வாசல் தெளிக்க எழுந்திருக்கும் அம்மாவோடு பேசி முடிக்கவும் சாப்பாடு வெந்திருக்கவும் சரியாக இருக்கும்.

முதலில் ஓவனைத் திறந்து பாருங்கள். சும்மா சொல்லவில்லை. நம் ஆட்கள் இருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் அது பாத்திரம் அடுக்கும் இடம். நானும் மூன்று பேரும் சேர்ந்து இருந்த வீட்டில், உள்ளே பார்க்காமலேயே ஒருநாள் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சூடேற்றப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். உள்ளே ஒருத்தருடைய தோசைக்கல், அதன் மேல் இன்னொருத்தருடைய பிளாஸ்டிக் வடிதட்டு. வடிதட்டு உருகிக் கல்லைத் தாண்டிக் கம்பி வழியாகக் கீழே சொட்டியிருந்தது. நாற்றம் ஒரு வாரம் போகவில்லை. அந்தத் தோசைக்கல் ஊரிலிருந்து சுமந்து வந்தது, பழகிய கல். அதன் சொந்தக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அப்புறம் கறி. சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் வெள்ளாட்டுக்கறி பெரும்பாலும் கிடைக்காது, செம்மறி கிடைத்தாலும் விலை கையைச் சுடும். அரைத்த மாட்டுக்கறி எந்தக் கடையிலும் உண்டு. அமெரிக்காவில் அதற்கு கிரவுண்ட் பீஃப் என்று பெயர், இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் மின்ஸ். அட்டையில் 80/20, 90/10 என்று போட்டிருக்கும். முதல் எண் கறி, இரண்டாவது கொழுப்பு. ஒரு பவுண்டு 454 கிராம், ஆக 80/20 வாங்கினால் அதில் ஏறக்குறைய 90 கிராம் கொழுப்பு. ஓவன் சாப்பாட்டுக்கு 85/15 அல்லது 90/10 போதும்.

நம்மூரில் கறிக்கடை பாயிடம் கொத்துக்கறி என்று சொன்னால் புளியங்கட்டையில் வைத்துக் கண் முன்னால் கொத்திக் கொடுப்பார், ஒரு மணி நேரத்தில் அது அடுப்பில் இருக்கும். அங்கே அது தட்டில் அடைத்து வருவது. ஃபிரிட்ஜில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், வைக்க வேண்டுமென்றால் ஃபிரீசரில் போடுங்கள். இன்னொன்று, கழுவாதீர்கள். இதைச் சொன்னதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மூன்று தண்ணீர் அலசி மஞ்சள் தூள் போட்டுப் பிசறாத கறி கறியா என்று கேட்டார். அரைத்த கறியைக் குழாயில் காட்டினால் பாதி சிங்கோடு போய்விடும், தெறிக்கும் தண்ணீரில் கிருமியும் நாலு பக்கம் பரவும். உள்சூடு 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் வந்தால் கிருமி செத்துவிடும் என்று விளக்கினேன். அம்மா நம்பவில்லை. இங்கே வாங்கிய கறியை அவர் இஷ்டப்படியே அலசிக் கொடுத்தார், நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் கூட இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒரே ஓவன், ஒரே ஃபிரிட்ஜ், ஒரே வாணலி என்று இருக்கும் இடத்தில் இதில்தான் முதல் மனஸ்தாபம் வரும். எனக்கென்று தனியாக ஒரு கண்ணாடித் தட்டும் ஒரு வாணலியும் வாங்கி வைத்துக்கொண்டேன், பிரச்சினை முடிந்தது. நீங்களே சாப்பிட மாட்டீர்கள் என்றால் அரைத்த வான்கோழி வாங்குங்கள், முறை அதேதான். உள்சூடு மட்டும் 165 ஃபாரன்ஹீட் வர வேண்டும்.

இனி செய்முறை. நாலு பேருக்கு, அல்லது ஒரே ஆளுக்கு நாலு நாளைக்கு.

ஒரு பவுண்டு கறி. எட்டு அவுன்ஸ், அதாவது 225 கிராம் அகலமான முட்டை நூடுல்ஸ். ஒரு பெரிய வெங்காயம், நாலைந்து பல் பூண்டு. 15 அவுன்ஸ் டின் தக்காளி சாஸ் ஒன்று. சவர் கிரீம், அதாவது புளிக்கவைத்த கிரீம், ஒரு கப். துருவிய செடார் சீஸ் ரெண்டு கப்.

தக்காளி சாஸ் என்ற இடத்தில் நிறைய பேர் விழுந்திருக்கிறார்கள். நமக்கு அந்தப் பேரைச் சொன்னால் சமோசாவுக்குத் தொட்டுக்கொள்ளும் இனிப்புச் சாஸ். அமெரிக்க டின்னில் வருவது சர்க்கரை அதிகம் இல்லாத, வேகவைத்து அரைத்த தக்காளி. இங்கிலாந்தில் இருந்தால் பஸாட்டா என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் டொமேட்டோ சாஸ் என்று கேட்டால் கெட்சப்பைத்தான் கொடுப்பார்கள். கெட்சப் ஊற்றிச் செய்த கேசரோலை ஒருதரம் சாப்பிட்டிருக்கிறேன். பாயசத்தில் கறி போட்ட மாதிரி இருந்தது.

ஓவனை 350 ஃபாரன்ஹீட்டில் போடுங்கள். செல்சியஸ் என்றால் 180, உள்ளே விசிறி ஓடும் ஓவன் என்றால் 160, இங்கிலாந்து கேஸ் ஓவனில் 4ஆம் எண். அது சூடேறுகிற நேரத்தில் வாணலியைக் காயவைத்துக் கறியைப் போட்டுப் பரப்பிவிடுங்கள். கிண்டாதீர்கள். நம் கை சும்மா இருக்காது, கிண்டிக்கொண்டே இருக்கத் தோன்றும். கறி முதலில் தண்ணீர் விட்டுக் களகளவென்று கொதிக்கும், அப்போது நிறம் சாம்பலாக, பார்க்கவே நன்றாக இருக்காது. பொறுங்கள். தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறும், கொதிக்கிற சத்தம் போய்ச் சடசடவென்று பொரிகிற சத்தம் வரும். அடி பழுப்பாகி, சுக்கா வாசனையில் கால்வாசி வரும். அதற்குப் பிறகுதான் புரட்ட வேண்டும்.

மிதக்கும் கொழுப்பைச் சிங்கில் ஊற்றாதீர்கள். சூட்டில் தண்ணீர் மாதிரி ஓடும், குழாய்க்குள் போய் மெழுகாக உறையும், அடைப்பெடுக்க ஆள் கூப்பிட்டால் அந்தக் காசில் ஒரு மாதம் கறி வாங்கலாம். காலி டின்னில் ஊற்றி, உறைந்ததும் குப்பையில் போடுங்கள்.

வெங்காயம், பூண்டு வதக்கி, தக்காளியை ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். இன்னொரு அடுப்பில் உப்புத் தண்ணீரில் நூடுல்ஸ். பாக்கெட்டில் போட்டிருப்பதற்கு ரெண்டு நிமிடம் முன்னாலேயே வடித்துவிடுங்கள், மீதி ஓவனில் சாஸைக் குடித்து வேகும். முழுக்க வேகவைத்து உள்ளே வைத்தால் வெளியே வருவது களி.

இப்போது ருசி பாருங்கள், அவசரப்படாமல். நாம் குழம்பு வைக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, உப்புப் போட்டு, மறுபடி பார்த்து, கடைசியில் புளியைக் கூட்டிச் சரிசெய்வோம். ஓவனுக்குள் போன பிறகு அந்த வழியெல்லாம் மூடிவிடும். உப்பு குறைந்தால் மேலே தூவலாம், உள்ளே இறங்காது. நூடுல்ஸும் சவர் கிரீமும் காரத்தையும் உப்பையும் நன்றாக இழுத்துவிடும். அதனால் கறிச்சாஸ் தனியாகச் சாப்பிடும்போது கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும். சீஸிலும் உப்பு உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள்.

மசாலாவில் எனக்கென்று ஒரு பிடிவாதம் இருக்கிறது. தட்டிய மிளகு தாராளமாக, சோம்பு அரை ஸ்பூன் இடித்தது, அவ்வளவுதான். கரம் மசாலா போட்டுப் பார்த்தேன், செடாரோடு சண்டை போடுகிறது. கறிவேப்பிலையை ஊர்ப் பாசத்தில் போடாதீர்கள், சீஸுக்குள் சிக்கிய கறிவேப்பிலையை எடுத்துப் போடவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்ததும் நூடுல்ஸில் சவர் கிரீமைக் கலந்து, எண்ணெய் தடவிய தட்டில் பாதியைப் பரப்பி, மேலே பாதிக் கறி, கொஞ்சம் சீஸ், மறுபடி நூடுல்ஸ், கறி, மீதிச் சீஸ். 9க்கு 13 அங்குலத் தட்டு தாராளமாகப் போதும். 25 நிமிடம், ஓரத்தில் குமிழி வரும் வரைக்கும். எடுத்ததும் கண்ணாடித் தட்டை ஈர மேடையில் வைக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும். மரப்பலகை அல்லது மடித்த காய்ந்த துண்டின் மேல் வைத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் துண்டாக வரும்.

மீதியை ரெண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாலு நாள் தாங்கும். மதுரை வெயிலுக்கு ரெண்டு மணி நேரம்கூட அதிகம்.

போகுமுன் இங்கேயே ஒரு தடவை செய்து பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: பார்க்கலாம், நாங்கள் செய்தது அதைத்தான். அக்கா வீட்டில் கேக் செய்ய வாங்கிய சின்ன ஓடிஜி, அதாவது மேடையில் வைக்கும் கரண்ட் ஓவன், போதும். அகல முட்டை நூடுல்ஸுக்குப் பதில் மக்ரோனி. பாதகமில்லை, மினசோட்டாவிலேயே பல வீடுகளில் மக்ரோனிதான். சவர் கிரீமுக்குக் கட்டித் தயிரை ராத்திரி துணியில் கட்டித் தொங்கவிட்டோம். தக்காளியை வேகவைத்துத் தோலுரித்து அரைத்தோம். நம்மூர் மாட்டுக்கறியில் கொழுப்பு குறைவு, நார் அதிகம், வாணலியில் மட்டும் வதக்கினால் ரப்பராக நிற்கும். உப்பும் மஞ்சளும் போட்டுக் குக்கரில் நாலு விசில் விட்டு, தண்ணீரை வற்றவிட்டுப் பிறகு வறுத்தோம். தட்டை ஓடிஜியில் கீழ்த்தட்டில் வையுங்கள், மேல் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தால் சீஸ் கருகி உள்ளே ஆறியே கிடக்கும். நாங்கள் வைத்த பதினைந்தாவது நிமிடத்தில் கரண்ட் போனது. ஓடிஜியை இன்வர்ட்டர் இழுக்காது. கதவைத் திறக்காமல் காத்திருந்தோம், இருபது நிமிடத்தில் வந்தது, பிழைத்தோம்.

கண்ணாடித் தட்டை இங்கே வாங்கிப் பெட்டியில் வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அங்கே பழைய சாமான் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும், அந்தக் கனத்துக்குப் பருப்புப் பொடி கொண்டுபோங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஒறைப்புதான் இல்ல" என்று தட்டை நகர்த்திவிட்டார். மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது மீதியெல்லாம் தோசைக்கல்லில் கிடந்தது. ஒரு கை தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கச் சூடேற்றி, பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு, ரெண்டு முட்டையை உடைத்து ஊற்றி, தோசைத் திருப்பியால் டகடகவென்று கொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் மருமகன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன எதையும் அவன் குறித்துக்கூட வைக்கவில்லை.