முழு சிஸ்டம் இமேஜா, டேட்டா மட்டும் போதுமா?

மண்டபம்_சுகு:
வீட்டுக் கணினி போன வாரம் திடீரென்று எழவில்லை. ரேம் (மெமரி) அட்டையைக் கழற்றிப் பார்த்தால் அதன் உலோகப் பற்களில் கறை ஏறியிருந்தது. கடல் பக்கத்து ஜன்னலை எந்நேரமும் திறந்துவைத்திருப்போம். உப்புக் காற்றுதான் காரணம். அழிரப்பரால் தேய்த்துப் போட்டதும் உயிர் வந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. 180 ஜிபி புகைப்படங்கள், அப்பாவின் படகுப் பத்திரங்களின் ஸ்கேன், தங்கையின் தையல் கடை டேலி கணக்கு, எல்லாம் இதற்குள்தான். ஒரு டெராபைட் எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்கிவிட்டேன். விண்டோஸையும் சேர்த்து டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரே பிரதியாக, அதாவது இமேஜாக, எடுப்பதா, ஃபைல்களை மட்டும் காப்பி செய்வதா?

கீழக்கரை_சர்வீஸ்:
இமேஜ்தான் தம்பி. குளோன்சில்லா என்ற மென்பொருள் இலவசம், பென்டிரைவில் போட்டு பூட் செய்து, டிஸ்க்கை அப்படியே எடுத்துவைக்கலாம். விண்டோஸ், பிரிண்டர் டிரைவர், டேலி, தமிழ் எழுத்துரு என்று முதலிலிருந்து போட்டால் ஒரு நாள் முழுசாகப் போகும். இமேஜிலிருந்து திரும்ப ஏற்றினால் ஓரிரு மணி நேரத்தில் பழைய திரை வந்து நிற்கும்.

தொண்டி_டீச்சர்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அப்பாவின் பத்திர ஸ்கேனை எங்கே போய் இறக்குவது? நம் பக்கம் டிஸ்க்குக்கு முன்னால் மதர்போர்டுதான் அரித்துப் போகிறது. புதுக் கணினி வாங்கிய பிறகு பழைய சிஸ்டத்தின் இமேஜ் எதற்கு? ஃபைல்களை நேராக காப்பி செய்தால் எந்தக் கணினியில் செருகினாலும் திறக்கும்.

கீழக்கரை_சர்வீஸ்:
டீச்சர், விண்டோஸ் 10, 11 பெரும்பாலும் புது போர்டிலும் எழுந்துவிடும். ஆக்டிவேஷன்தான் மறுபடி கேட்கலாம். என் கவலை வேறு. எது எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒருவர் 'டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டரை மாதா மாதம் ஒழுங்காக காப்பி செய்தார். டேலி டேட்டா இருந்தது சி டிரைவில் வேறொரு ஃபோல்டரில். டிஸ்க் போனபோது மூன்று வருடக் கணக்கு போச்சு. அந்த மனிதர் என் கடை வாசலில் உட்கார்ந்திருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. இமேஜ் எதையும் விட்டுவிடாது.

தொண்டி_டீச்சர்:
அது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த டிஸ்க் எங்கே இருக்கும்? அதே மேசையில். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே! கணினி நனைந்தால் டிஸ்க்கும் நனையும். எந்நேரமும் செருகியே வைத்தாலும் ஆபத்து. 2017இல் வானாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தபோது, செருகியிருந்த டிஸ்க்கில் உள்ள ஃபைல்களையும் சேர்த்தே பூட்டியது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில்: 3-2-1 என்று சொல்வது இதைத்தான்.

பாம்பன்_காற்று:
வேறு ஊர் என்றால் கிளவுட் போதாதா அக்கா?

தொண்டி_டீச்சர்:
கூகுளில் இலவசம் 15 ஜிபி. ஜிமெயிலும் அதற்குள்ளேயே அடங்கும். அப்லோட் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால் 180 ஜிபி ஏற நிற்காமல் 40 மணி நேரம் ஆகும். கரண்ட் போனால் இன்னும் இழுக்கும். பத்திரமும் கணக்கும் கிளவுடுக்குப் போகட்டும், அவை சிறியவை. புகைப்படங்களுக்கு இரண்டாவது டிஸ்க். ஒன்று மட்டும் கவனம்: ஒத்திசைவு (சிங்க்) பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்; கூகுள் டிரைவ் குப்பையில் 30 நாள்தான் தங்கும்.

பாம்பன்_காற்று:
எங்கள் வீட்டு டிஸ்க் பரமக்குடியில் பெரியம்மா வீட்டில் இருக்கிறது. இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டுவைத்திருக்கிறோம். ஊருக்குப் போகும்போதெல்லாம் வேறொன்றைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துவருவோம்.

மண்டபம்_சுகு:
கீழக்கரை காக்கா சொன்னதைப் படித்ததும் நேற்று இரவே சோதித்தேன். நான் எடுத்த காப்பியைத் தங்கையின் மடிக்கணினியில் செருகி டேலியைத் திறந்தால், கணக்கு போன ஏப்ரலோடு நிற்கிறது. பழைய ஃபோல்டரையே காப்பி செய்திருக்கிறேன். கை நடுங்கிவிட்டது. சரியான ஃபோல்டர் கிடைத்துவிட்டது. இனி வாரம் ஒருமுறை டேட்டா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இமேஜ்.

கீழக்கரை_சர்வீஸ்:
மூன்று மாதம் அதிகம் தம்பி. மாதம் ஒன்று எடு.

தொண்டி_டீச்சர்:
மூன்று மாதமே போதும். அந்த நேரத்தில் இரண்டாவது டிஸ்க்கை வாங்கு.