கடல் வேண்டாம், மேட்டுப்பக்கம் ஒரு நாள்: மொரீஷியஸ் ரோஸ் ஹில்லிலிருந்து எங்கே போகலாம்?

ரோஸ்ஹில்_வேலன்

எல்லாருக்கும் வணக்கம். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை முழுதாகக் கிடைத்திருக்கிறது. கடற்கரைக்கு வாராவாரம் போகிறோம், இந்தத் தடவை மேட்டுப்பக்கம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. சில படிகள் ஏறுவார், செங்குத்தான பாதை ஆகாது. பிள்ளைகளுக்கு 8, 12 வயது. கங்கா தலாவ் புனித ஏரி, பிளாக் ரிவர் கோர்ஜ் பள்ளத்தாக்கு, ஷமரேல் ஏழு நிற மண் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? எதை முதலில் வைப்பது? சின்னக் கார்தான், சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகிறோம்.

இன்னொரு நாள் பெரியவனை மட்டும் கூட்டிக்கொண்டு ஒரு மலை ஏற ஆசை. முதல் மலைக்கு எது சரி?

வாக்வா_மாமா

முடியும் தம்பி, நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே நாளை நடத்துவது மேகம்தான். தென்கிழக்குக் காற்று கடல் ஈரத்தை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். வெயில் ஏற ஏற அது மேகமாகத் திரண்டு, பல நாள் நண்பகலுக்குள் பள்ளத்தாக்கை மூடிவிடும். காலை ஒன்பது மணிக்குக் கடல்வரை தெரிகிற அதே இடத்தில், இரண்டு மணிக்குப் போனால் வெள்ளைச் சுவர்தான்.

6.30-க்கு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். ஃபீனிக்ஸ், வாக்வா, லா மாரி வழியாக மார் ஓ வாக்வா நீர்த்தேக்கத்தை ஒட்டிப் பெத்ரின் சந்திப்புக்குப் போங்கள். பெட்ரோலை வாக்வாவிலேயே போட்டுவிடுங்கள். பெத்ரினில் இடப்பக்கம் திரும்பினால் கங்கா தலாவ், வலப்பக்கம் பிளேன் ஷாம்பாஞ். முதலில் இடப்பக்கம். காலையில் கூட்டம் இருக்காது, 33 மீட்டர் சிவன் சிலைக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தலாம், அம்மாவுக்கு நடை குறையும். முக்கால் மணி நேரம் போதும். தேங்காய், பழம் வைத்த அர்ச்சனைத் தட்டைத் திறந்து கையில் ஏந்திக்கொண்டு நடக்க வேண்டாம், குரங்கு நேராகக் கைக்கே வரும். வாய் கட்டிய துணிப்பையில் கொண்டுபோய்ச் சந்நிதியில் எடுங்கள்.

பிறகு பெத்ரினுக்குத் திரும்பி வந்து பிளேன் ஷாம்பாஞ் சாலை. முதலில் இடப்பக்கம் அலெக்சாண்ட்ரா அருவிக்குப் பலகை வரும், அதைத் தாண்டினால் வலப்பக்கம் கோர்ஜ் காட்சிமுனை. மேகம் இறங்குகிற மாதிரி தெரிந்தால் அருவியை விட்டுவிட்டுக் காட்சிமுனைக்கு நேராகப் போங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடைதான், வழியில் கொஞ்சம் படி உண்டு.

பத்தரை மணிக்கு ஷமரேலில் இருக்கலாம். அருவியும் ஏழு நிற மண்ணும் ஒரே வேலிக்குள், வாசலில் சீட்டு வாங்க வேண்டும். அந்த மண் எரிமலைப் பாறை மக்கி வந்தது. இரும்பு ஆக்சைடு சிவப்பையும், அலுமினியம் ஆக்சைடு நீலம், ஊதாவையும் கொடுக்கிறது. வெயில் பட்டால்தான் நிறம் பிரிந்து தெரியும், மப்பாக இருந்தால் எல்லாம் ஒரே பழுப்பு.

பலர் செய்கிற தவறு, வரிசையைத் திருப்புவது. கடற்கரைப் பக்கமாக வந்து காஸ் நோயாலிலிருந்து மேலே ஏறினால் காட்சிமுனைக்குப் போகும்போது பிற்பகல் ஆகிவிடும். நீங்கள் அங்கே இறங்குகிறவர்களாக இருங்கள். ஷமரேலிலிருந்து காஸ் நோயால் இறக்கம் கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் கருகிய வாடை வரும், சூடேறிய பிரேக் சரியாகப் பிடிக்காது. மூன்று மணிக்குள் இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் தமரின் பக்கம் கடற்கரையிலிருந்து திரும்பும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

மகா சிவராத்திரி வாரத்தில் மட்டும் இந்தத் திட்டம் ஆகாது. சாலை முழுக்கக் காவடி சுமந்து நடந்து போகும் பக்தர்கள்தான் இருப்பார்கள். மே மாதத்தில் அந்தக் கவலை இல்லை.

கூர்பிப்_செல்வி

மாமா சொன்ன வரிசை சரிதான். ஆனால் வேலன் தம்பி, முழங்கால் வலிக்கிற அம்மாவை நாள் முழுக்க வளைவுச் சாலையில் உட்கார வைப்பதும் சுமைதான். அன்று காலை எழுந்ததும் மழை என்றால் பிளேன் ஷாம்பாஞ் பக்கம் போகவே வேண்டாம். மெட்ரோவில் ஏறி கூர்பிப் வாருங்கள், 2022-லிருந்து கடைசி நிலையம் வரை ஓடுகிறது. அங்கிருந்து அம்மாவுக்கு ஒரு டாக்சி வைத்து த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாய்க்கு ஏற்றிவிடுங்கள். 605 மீட்டர் உயரம், விளிம்பைச் சுற்றித் தார்ச்சாலை, உட்கார இடம் உண்டு.

அதைவிட முக்கியமாகக் கூர்பிப் தாவரத் தோட்டம். தரை சமம், அம்மா மெதுவாக நடக்கலாம். வேலிக்குள் ஒல்லியாக ஒரு பனை நிற்கும், ஹையோஃபார்ப் அமரிகாலிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். அந்த இனத்தில் உலகத்தில் வேறு மரம் இருப்பதாகத் தெரியவில்லை. பூக்கிறது, ஆனால் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே சமயத்தில் மலர்வதில்லை, துணைக்கு இன்னொரு மரமும் இல்லை. பிள்ளைகளை அந்த மரத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிறுத்திச் சொல்லுங்கள். ஏழு நிற மண்ணை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள்.

கூர்பிப்பில் மே மாதம் கம்பளிச் சட்டை வேண்டும். ரோஸ் ஹில் வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மலைப்பாதை

பெரியவனுக்கு முதல் மலை லெ பூஸ், 812 மீட்டர். எல்லாரும் பித்தோனுக்குத்தான் போகச் சொல்வார்கள், 828 மீட்டர், தீவிலேயே உயரம் என்று. அந்தப் பாதை முதலில் முகடு வழியாகச் சுலபமாகப் போய், கடைசி 20 நிமிடம் செங்குத்தாக ஏறும். சிவப்புக் களிமண், கயிற்றையும் வேரையும் பிடித்து ஏற வேண்டும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து, பெரும்பாலும் அங்கேதான் கணுக்கால் பிசகும்.

லெ பூஸை மோகா பக்கத்திலிருந்து ஏறுங்கள். கரும்புக்கு நடுவே தொடங்கி, மர நிழல், பிறகு ஒரு கணவாய். அங்கே திடீரென்று போர்ட் லூயிஸும் துறைமுகமும் காலடியில் தெரியும். கட்டைவிரல் மாதிரி நீண்ட பாறையில் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் கையை ஊன்ற வேண்டும். பையன் தயங்கினால் பாறைக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கேயும் காட்சிக்குக் குறைவில்லை. டார்வின் 1836-இல் இந்த மலையில் ஏறியிருக்கிறார், பையனிடம் சொல்லுங்கள்.

ஏறி இறங்க மூன்று மணி நேரம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், அடிப்பகுதி தேயாத சப்பாத்து. காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். மே மாதம் 5.50-க்குள் சூரியன் மறைந்துவிடும். எந்த மலையானாலும் இரண்டு மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்தே திரும்புங்கள்.

மக்காபே பாதை அடுத்த வருடத்துக்கு. பெத்ரினிலிருந்து பிளாக் ரிவர் வரை சுமார் 10 கிலோமீட்டர், முக்கால்வாசி இறக்கம் கடைசிப் பகுதியில்தான், கால்விரல் நகம் சப்பாத்து முனையில் இடித்துக்கொண்டே வரும். கீழே இன்னொரு கார் காத்திருக்க வேண்டும். 1974-இல் நான்கே எண்ணிக்கை என்று கணக்கிட்ட மொரீஷியஸ் வல்லூறை அந்தக் காட்டில் பார்க்கலாம். பைனாகுலர் எடுத்துப் போங்கள்.

ரோஸ்ஹில்_வேலன்

மூவருக்கும் நன்றி. மழை இல்லையென்றால் மாமா வழி, மழை என்றால் அக்கா வழி. இரண்டு கேள்வி பாக்கி. மே மாதம் கோயாவ் தெ சின் (சீனக் கொய்யா) பறிக்கலாமா? பெரியவன் தமரின் ஏழு அருவியும் கேட்கிறான்.

வாக்வா_மாமா

பழம் மே மாதத்தில் நன்றாகக் கிடைக்கும். பிளேன் ஷாம்பாஞ் சாலையோரமே போதும். கோலிக்குண்டு அளவு, அடர் சிவப்பு, லேசாகத் திருகினால் கையோடு வரவேண்டும். இழுத்தால்தான் வரும் என்றால் துவர்க்கும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வீடு போவதற்குள் நசுங்கிக் கூழாகிவிடும், கூடை கொண்டுபோங்கள். இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. உப்போடு பச்சை மிளகாயை இடித்து ஒரு டப்பாவில் எடுத்துப் போனால் அங்கேயே தொட்டுச் சாப்பிடலாம்.

சாலையை விட்டு உள்ளே போகாதீர்கள். அந்தப் புதர் எல்லாப் பக்கமும் ஒரே உயரம், ஒரே இலை. மேகம் இறங்கினால் கார் எந்தப் பக்கம் என்றே தெரியாது. பழம் பறிக்கப் போய் வழி தவறியவர்களைத் தேடுவது வருடா வருடம் நடக்கிறது. சின்னவன் கை உங்கள் கையில் இருக்கட்டும். கொட்டையைக் காட்டுக்குள் துப்பாமல் பையில் போடச் சொல்லுங்கள். பிரேசிலிலிருந்து வந்த செடி அது, நம் சொந்த மரக்கன்றுகளை முளைக்கவிடாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

மலைப்பாதை

ஏழு அருவிக்கு வழிகாட்டி இல்லாமல் 12 வயதுப் பையனைக் கூட்டிப் போக வேண்டாம். ஹென்ரியெட்டாவிலிருந்து இறங்குவது சுலபம், களைத்த காலோடு திரும்ப ஏறுவதுதான் பாடு. கீழே வெயில் அடிக்கும்போதே மேட்டில் மழை கொட்டும், தண்ணீர் சில நிமிடத்தில் ஏறிவிடும். தெளிந்த தண்ணீர் கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் அந்த நொடியே கரையேறுங்கள். இப்போதைக்கு ஹென்ரியெட்டா பக்கம் மேலே நின்று முதல் அருவியைக் காட்டிவிட்டு வாருங்கள்.