அருந்ததி பார்க்க ஒரு பைனாகுலர்

க்யூர்பீப், மொரிஷியஸ்

அம்மாவுக்கு இப்போது 71 வயது. அவருடைய கல்யாணத்தில் அம்மி மிதித்து முடித்ததும் குருக்கள் வடக்கே கையைக் காட்டி, "அருந்ததியைப் பாரும்மா" என்றாராம். பட்டப்பகல், தலைக்கு மேலே பந்தல். பார்த்துவிட்டதாகத் தலையாட்டினாராம். என் தங்கை கல்யாணத்தில் அதே சடங்கு நடந்த அன்று ராத்திரி, "அந்த மீன் உண்மையிலேயே நம்ம ஊரில் தெரியுமாப்பா?" என்று கேட்டார். சொந்தக்காரர்களிடம் விசாரித்தேன். எல்லார் கல்யாணத்திலும் காட்டியிருக்கிறார்கள், ஒருவரும் பார்த்ததில்லை.

தெரியும். ஆனால் சிரமப்பட வேண்டும். பழந்தமிழில் அருந்ததிக்கு வடமீன், அதாவது வடக்கு விண்மீன் என்றே பெயர். தமிழ்நாட்டில் அது வடக்கே பாதி வானம் வரை ஏறும். நாம் நடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் (டிகிரியில்) இருக்கிறோம், அதனால் இங்கே அது மிக உயரே வரும்போதுகூட அடிவானத்திலிருந்து 15 பாகைதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒன்றரை முஷ்டி உயரம். அந்த உயரத்தில் கடல் மூட்டம் இருக்கும். அம்மாவின் வயதுக்கு வெறுங்கண் போதாது. அதனால்தான் பைனாகுலர் வாங்கப் போனேன்.

முதலில் வாங்கியது வீண். 10 மடங்கிலிருந்து 30 மடங்கு வரை திருகிப் பெரிதாக்கலாம் என்றார் கடைக்காரர். முன்பக்க லென்ஸ் செம்பருத்தி நிறத்தில் பளபளத்தது. வீட்டு மாடியில் தூக்கிப் பிடித்தால் வானம் ஒரு குழாய் வழியாகத் தெரிந்த மாதிரி இருந்தது. 20 மடங்கைத் தாண்டினால் மீன் கைநடுக்கத்தில் ஓடியது. அதைவிட மோசம், இரண்டு கண்ணிலும் தெரிந்த படம் ஒன்று சேரவே இல்லை, ஒரு மீன் இரண்டாகத் தெரிந்தது. பத்து நிமிடத்தில் தலைவலி. அருந்ததியும் வசிட்டரும் இரட்டை மீன்கள். அவர்களைப் பார்க்க இப்படியொரு கருவி எவ்வளவு பொருத்தமில்லாதது என்று நீங்களே யோசியுங்கள்.

அப்புறம் நிதானமாகப் படித்து 10x50 வாங்கினேன். முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில். 50ஐ 10ஆல் வகுத்தால் 5. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் இந்த 5 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞர்களின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும், வயது ஏற ஏற 5, அதற்கும் குறைவு என்று சுருங்கும். 7x50 வாங்கினால் கை குறைவாக நடுங்கும், உண்மைதான். ஆனால் அது தரும் 7 மில்லிமீட்டர் ஒளி முழுவதும் அம்மாவின் கண்ணுக்குள் போகாது. அதோடு 10 மடங்கில் பின்னணி வானம் கொஞ்சம் கறுக்கும், நம் ஊர் விளக்கு வெளிச்சத்தில் அது நல்லது.

கடையில் இரண்டு சோதனை செய்து பாருங்கள். பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சமான சுவர் பக்கம் காட்டினால், கண் வைக்கும் பக்கம் சின்ன ஒளிவட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் மாதிரி தெரிந்தால் உள்ளே இருப்பது மட்டமான பிரிசம். பிறகு தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். வலது, இடது கண்ணை மாறி மாறி மூடும்போது கம்பி மேலும் கீழும் குதித்தால் வாங்காதீர்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒன்று: கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கழற்றிவிட்டு திருகியே சரிசெய்துகொள்ளலாம். அம்மாவுக்கு ஆஸ்டிக்மாடிசமும் (கண்ணின் வளைவு சீராக இல்லாத குறை) உண்டு, திருகினால் அது போகாது. அதனால் கண்ணாடியோடு பார்க்கும்படி, லென்ஸிலிருந்து 15 மில்லிமீட்டருக்கு மேல் கண் தள்ளி இருந்தாலும் முழுப்படம் தெரிகிற மாடலாகத் தேடினேன்.

எங்கள் க்யூர்பீப் ஈரத்தைப் பற்றி நம் தீவுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணி அலமாரியே பூஞ்சை பிடிக்கும் ஊர், லென்ஸ் தப்புமா? காற்றுப் புகாத பிஸ்கட் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். பனியில் நனைந்து வந்தால் முதலில் காயவிட்டு அப்புறம்தான் மூடி.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். மே மாதக் கடைசி, அமாவாசையை ஒட்டிய நாள். வடக்கு முனைக்கு, காப் மலேரேவுக்குப் போனோம். அங்கே வடக்கே பார்த்தால் கடல்தான், குவான் த மீர் தீவின் கறுப்பு உருவம், அவ்வளவுதான். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்கினோம். 9 மணிக்குச் சப்தரிஷி மண்டலம் கவிழ்ந்த அகப்பையாகக் கிடந்தது. கிண்ணம் இடப்பக்கம் கடலைத் தொட, காம்பு வலப்பக்கமாக மேலே ஏறியது. காம்பின் நடு மீன் வசிட்டர். அம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கவிழ்த்துப் பிடித்த தென்னந்துடைப்பத்தின் மேல் பைனாகுலரை ஊன்றிக்கொண்டார். கைநடுக்கத்துக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "இரண்டு பேரும் இருக்காங்க" என்றார். அதற்கப்புறம், "நடுவிலே ஒரு பொடி மீன் இருக்கே, அது யார்?" என்று கேட்டார்.

எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து தேடினேன். 1722இல் லீப்க்னெக்ட் என்ற ஜெர்மானியர் அந்தப் பொடி மீனைப் புதிய கோள் என்று நினைத்து, தன் நாட்டு ஆட்சியாளர் லுட்விக் பெயரை வைத்துவிட்டார். கோள் இல்லை, வசிட்டர் அருந்ததிக்குப் பின்னால் மிகத் தூரத்தில் இருக்கும் வேறொரு விண்மீன். அந்த இருவரும் 80 ஒளியாண்டு தூரத்தில், அது பலநூறு ஒளியாண்டு தள்ளி. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. ஐம்பது வருடம் காத்திருந்து பார்த்த அம்மா, குருக்கள் காட்டியதற்கு மேல் ஒன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டார்.

பிறகு நாற்காலியை அப்படியே தெற்கே திருப்பினேன். அருந்ததி வடக்கே உச்சத்தில் இருக்கிற அதே நேரத்தில் தெற்கே 62 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி நிற்கும், இரண்டும் வானத்தில் ஏறத்தாழ ஒரே வடக்கு-தெற்குக் கோட்டில் இருப்பதால். ஒரு கோடி விண்மீன்கள் கொண்ட கொத்து, 17,000 ஒளியாண்டு தூரம். அம்மா பார்த்துவிட்டு, "விபூதி உருண்டை மாதிரி இருக்குப்பா" என்றார்.

நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

டர்பன், தென்னாப்பிரிக்கா

அண்ணா, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் ஊர் இன்னும் 10 பாகை தெற்கே. இங்கே அருந்ததி 5 பாகைதான் ஏறும், எங்கள் வீட்டு வடக்கே மேடு மறைத்துவிடும். உங்கள் பதிவைப் படித்ததும் வரும் மே மாதம் வடக்குக் கடற்கரையில் தேட முடிவு செய்துவிட்டேன்.

நான் ஆசைப்பட்டு 15x70 வாங்கினேன். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, டிரைபாட் இல்லாமல் ஆகாது. ஜூலையில் டிராக்கன்ஸ்பர்க் மலைக்குக் கொண்டுபோன பிறகுதான் இன்னொன்று புரிந்தது. குளிர்கால நடுராத்திரியில் விருச்சிகமும் தனுசும் எங்களுக்கு உச்சந்தலைக்கு நேர் மேலே. டிரைபாடில் பூட்டிய பைனாகுலரை நேர் மேலே திருப்பினால் அதற்குக் கீழே கழுத்தை நுழைக்க முடியாது. கடைசியில் கணவரின் பழைய 10x50ஐ வாங்கிக்கொண்டு பாய் விரித்து, கம்பளி போர்த்தி மல்லாந்து படுத்தேன். தேள் கொடுக்குப் பக்கத்தில் இரண்டு கொத்துகள் ஒரே வட்டத்துக்குள் வந்தன, நிலக்கரி மாதிரி கறுத்த வரிகள் பால்வீதிக்கு நடுவில். இப்போது பெரியதை நிலாவுக்கும், தாழ்வாக இருக்கும் பொருட்களுக்கும் மட்டும் எடுக்கிறேன்.

லக்காய் என்ற பிரெஞ்சுக்காரர் 1751 முதல் 1753 வரை கேப் டவுனில் இருந்து கிட்டத்தட்ட 10,000 தென்வான விண்மீன்களை அளந்தார். அங்கிருந்து உங்கள் தீவுக்கும் வந்தார். அவருடைய தொலைநோக்கியின் அகலம் வெறும் அரை அங்குலம், 8 மடங்கு. உங்கள் அம்மா கையில் இருந்தது அதைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும். வானியல் பெரியவர்களின் சொத்து என்று ஒதுங்குகிற நம் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சென் லூயி, ரீயூனியன்

பாண்டிச்சேரியிலிருந்து வந்து குடியேறியவன் நான். இங்கே பைனாகுலருக்கு ஜுமெல் என்பார்கள், இரட்டைப் பெண்கள் என்று பொருள். அருந்ததி கதைக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

எங்கள் மலைக்கு மேலே மாக் கிராமத்தில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. அங்கே ஒருமுறை டிசம்பரில் போனபோதுதான் பெரிய மகெல்லன் மேகத்தை முதல்முதலாகப் புரிந்து பார்த்தேன். 1,60,000 ஒளியாண்டு தூரத்தில், நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் வேறொரு விண்மீன் மண்டலம், அதன் ஓரத்தில் சிலந்தி நெபுலா என்ற வாயு மேகம் தனியாக ஒரு திட்டாக 10x50இலேயே தெரியும். பாண்டிச்சேரியில் இருபது வருடம் இருந்து இதைத் தெரிந்துகொள்ளாமலே போனேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

2024 செப்டம்பர் கடைசியில் விடியற்காலை மைடோ மலையில் சூச்சின்ஷான்-அட்லஸ் வால்விண்மீனைப் பார்த்தேன். கிழக்கே வெளுக்க வெளுக்க வால் கரைந்துகொண்டே போகும், விட மனசே வராது. ஆனால் சூரியன் வரும் முன்பே பைனாகுலரை உறைக்குள் போட்டுவிடுங்கள். ஒரு நொடி சூரியன் அதில் பட்டாலும் கண் போய்விடும். பையனோடு போனேன், அதனால் கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

க்யூர்பீப், மொரிஷியஸ்

அக்கா, பாய் யோசனையை இந்த ஜூலையில் நாங்களும் செய்து பார்க்கிறோம், பிளேன் ஷாம்பாய்ன் பக்கம் இருட்டு நன்றாக இருக்கும். டர்பனில் 5 பாகை என்றால் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள், தூசி அடங்கியிருக்கும். வசிட்டர் தெரிந்துவிட்டால் அருந்ததி நிலாவின் அகலத்தில் பாதிக்கும் குறைவான தூரத்தில்தான் இருப்பாள். அந்தப் பொடி மீனையும் தேடுங்கள். தெரிந்ததா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார்.