மறு: தேக்கு அந்துப்பூச்சிக்கு "இலையுதிர்ப்பி" சரிவருமா?

> ஹைப்ளேயா பியூரா (ஆங்கிலத்தில் teak defoliator) = தேக்கு இலையுதிர்ப்பி. கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

ஐயா, வணக்கம்.

வேண்டாம் என்பேன். தேக்கு தானாகவே வறண்ட காலத்தில் இலையுதிர்க்கும் மரம். இந்தப் பூச்சி வந்தால் இலை உதிர்வதில்லை, கிளையில் இருக்கும்போதே அதைப் புழு தின்று தீர்க்கிறது. பருத்தி அறுவடைக்கு முன்னால் இலை கொட்ட மருந்து அடிக்கிறார்களே, அதற்கு "இலையுதிர்ப்பி"யை வைத்துக்கொள்ளலாம்.

கேரளத்து நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் கோடைமழை விழுந்து தேக்கு தளிர்த்ததும் இது கூட்டமாக வந்து இறங்கும். தாய் அந்து இளந்தளிரின் அடிப்பக்கம், நரம்பை ஒட்டி, ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். 500 முட்டை சாதாரணம். முதல் இரண்டு பருவத்தில் புழு இலையின் மேற்பரப்பைச் சுரண்டுவதோடு சரி. மூன்றாம் பருவத்தில்தான் கைவரிசை: இலையில் ஒரு துண்டை வெட்டி, மடித்து, பட்டிழையால் ஒட்டி, உள்ளே ஒளிந்துகொண்டு தின்னும். தடித்த நரம்புகள்தான் மிச்சம். பிறகு இழைவிட்டு இறங்கித் தரைச்சருகில் கூட்டுப்புழுவாகும். முட்டை முதல் அந்து வரை ஒரு மாதம்கூட ஆகாது.

மரம் சாகாது, மறுபடி துளிர்க்கும். ஆனால் பருக்காது. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் இளந்தோட்டங்களில் அளந்தபோது, மரத்தின் கன அளவு வளர்ச்சியில் 44 விழுக்காடு இதனால் போயிருந்தது.

"புழு மரத்தையே மொட்டையடிச்சிடுச்சு" என்றுதானே பேசுகிறோம்? தேக்கு மொட்டையடிப்புழு என்றே வைப்போம்.

---

> தேக்கு மொட்டையடிப்புழு

கொச்சை என்று சிலர் முகம் சுளிக்கலாம், எனக்குச் சம்மதம். ஆனால் யூடெக்டோனா மகேராலிஸ் என்று இன்னொரு அந்து இருக்கிறதே, அதன் புழுவும் தேக்கில்தான். தளிரை விட்டுவிட்டு முற்றின இலைக்கு வரும். நரம்புகளுக்கு நடுவிலுள்ள பச்சையை மட்டும் தின்று, பொடிநரம்பு முதற்கொண்டு வலைபோல விட்டுவைக்கும். ஆங்கிலத்தில் skeletonizer என்பதற்கு "எலும்புக்கூடாக்கி" என்று ஒரு மொழிபெயர்ப்பு உலவுகிறது. இலைக்கு ஏது எலும்பு? சல்லடைப்புழு எனலாமா?

---

சல்லடை என்றால் ஓட்டை ஓட்டையாகத் துளைத்த இலை என்று நினைப்பார்கள், அது வண்டுகளின் வேலை. "தேக்கு இலையரிப்புழு" போதும் அம்மா. அரித்தெடுப்பது என்றால் பச்சை போய் நரம்பு நிற்பது புரிந்துவிடும்.

இன்னொன்று: இரண்டிலும் இலையைத் தின்பது புழுப்பருவம் மட்டுமே, வளர்ந்த அந்து இலையைத் தொடாது. அதனால் பெயர் "புழு" என்று முடிவதே சரி. அந்துக்குத் தனிப்பதிவு கேட்பவர்களுக்கு "தேக்கு மொட்டையடி அந்து" என்று போட்டு, பழுப்பு முன்னிறகு, கருப்பில் ஆரஞ்சுப் பட்டையோடு பின்னிறகு என்று விளக்கத்தில் எழுதிவிடலாம். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிறுக்குள் சொல்லுங்கள், பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.